காணாப் பொருளைக் காட்டும் ஒளி

வானியலாளர்க்கு விண்ணிலிருந்து வந்துசேரும் முதன்மையான தூது ஒளியேயாம். ஒளிவிடாத பொருளொன்று அங்கே உளதாயின், அதனை அறிவதும் அளப்பதும் எங்ஙனம்?

திணிவுடைய பொருளின் அருகே செல்லும் ஒளியும் வளையும் என்பது ஐன்ஸ்ரைன் 1915ஆம் ஆண்டில் நிறுவிய கொள்கையின் முடிபு. ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு விகலை எனப்படும். ஞாயிற்றின் விளிம்பைத் தொட்டுவரும் கதிர் 1.75 விகலை திரும்பும் என அவர் கணித்தார். 1919 மே 29ஆம் நாள் நிகழ்ந்த முழுக் கிரகணத்தின்போது எடுத்த படங்கள் இதற்குச் சான்றாயின.

சுவிக்கி என்பார் 1933ஆம் ஆண்டில் கோமா என்னும் விண்மீன் மண்டலக் கூட்டத்தை ஆராய்ந்தார். அங்கே விரைந்தோடும் மண்டலங்களைச் சிதறாது பிணித்துவைக்க ஒளிரும் பொருளின் திணிவு போதாதெனக் கண்டு, இருட்பொருள் உண்டெனக் கருதினார். மண்டலங்கள் ஒளியை வளைக்கும் வில்லைகளாகத் தொழிற்படும் என 1937ஆம் ஆண்டில் அவரே உரைத்தார். 1979ஆம் ஆண்டில், ஏறத்தாழ 6 விகலை இடைவெளியில் நின்ற இரு குவேசார்கள் ஒன்றன் இரு விம்பங்களே எனத் தெரியவந்தது.

வில்லை வலிதாயின், பின்னுள்ள மண்டலம் பிறைபோல நீண்டு தோன்றும். மெலிதாயின், அதன் உரு சிறிதே திரியும். தனியொரு மண்டலத்தை நோக்கி இதனை அறிதல் இயலாது. அதன் இயல்பான வடிவமே நீண்டதாயிருக்கலாம். ஆயிரக்கணக்கானவற்றின் சராசரியைக் காணின், இயல்பு வடிவங்களின் வேறுபாடுகள் ஒன்றையொன்று ஈடுசெய்ய, வில்லை விளைத்த திரிபு எஞ்சும். அதிலிருந்து திணிவின் பரம்பலைக் கணிக்கலாம்.

துப்பாக்கிக் குண்டின் பெயர்பெற்ற கூட்டம் பற்றி 2006ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இவ்வகையிற் சிறந்தது. அங்கே இரு கூட்டங்கள் மோதி ஊடுருவிச் சென்றுள்ளன. அவற்றின் சாதாரண சடப்பொருளிற் பெரும்பங்கு எக்ஸ் கதிர் வீசும் வெப்ப வாயு. அவ்வாயு மோதலில் தடையுண்டு இடையே தங்கிற்று. ஒளியின் வளைவு காட்டிய திணிவோ, மண்டலங்களோடு அப்பாற் சென்றிருந்தது! ஈர்ப்பு விதியைத் திருத்தினால் இருட்பொருள் வேண்டா என்பார்க்கு இஃது எளிதில் விடையிறுக்கவியலாத வினாவாயிற்று.

2023ஆம் ஆண்டில் ஐரோப்பியர் விண்ணுக்கு அனுப்பிய யூக்ளிட் தொலைகாட்டி, இம்முறையைப் பெருவெளியின் பரந்ததொரு பகுதிக்கு விரிக்க முனைகின்றது. தொலைவிலுள்ளவற்றை நோக்குதல் பழங்காலத்தை நோக்குதலாகும். ஆதலின், இருட்பொருள் வலைபோற் பரந்து, அதன் முடிச்சுகளில் மண்டலங்கள் திரண்ட வரலாற்றைப் படிப்படியாக அளக்கலாம்.

இருட்பொருள் யாதென எவரும் இன்னும் அறியார். எனினும், அஃது எங்கே எவ்வளவு உளது என்பதை அளந்தறியும் தராசு நம் கையில் உண்டு. அத்தராசு ஒளியே.