கூரையில் ஏறுமுன்...



அடைமழை பெய்கிறது. குசினிக் கூரை ஒழுகுகிறது. "ஏறி ஒருக்கா பாருங்களேன்" என்கிறீர்கள். கணவரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறுகிறார். பாசி படிந்த ஓட்டில் கால் வழுக்க ஒரு நொடி போதும். முள்ளந்தண்டு முறிந்தால் குடும்பத்தின் உழைப்பே படுக்கையில் விழுந்துவிடும்.

தடுப்புச் சுவரில்லாத கூரையில் இரவு உறங்குவதை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. உறங்குபவருக்கே எச்சரிக்கை என்றால், வழுக்கும் கூரையில் வேலை செய்பவர் எவ்வளவு கவனமாயிருக்க வேண்டும்! "அல்லாஹ் காப்பான்" என்று சொல்லிக்கொண்டு ஆடும் ஏணியில் ஏறுவது தவக்குல் ஆகாது. ஏணியை உறுதியாக வைத்துவிட்டு அவன்மீது பொறுப்புச் சாட்டுவதே தவக்குல்.

அதற்காகப் பீலியைத் துப்புரவு செய்யாமலும் விட முடியாது. இலை அடைத்துத் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும். 2017இல் நம் நாட்டில் 1,80,000க்கும் அதிகமானோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். ஆகவே மழைக்காலத்துக்கு முன்பே, மேற்கே மார்ச்சிலும் கிழக்கே செப்டெம்பரிலும், இவ்வேலையை முடித்துவிடுங்கள்.

கவனிக்க வேண்டியவை:

1. ஈரக் கூரையில் எவரையும் ஏறவிடாதீர்கள். ஒழுக்குக்கு வாளி வையுங்கள், கூரை காயட்டும்.

2. பீலியை ஏணியில் நின்றே துப்புரவு செய்யலாம். ஏணி 12 அடி உயரத்தில் சாய்ந்திருந்தால் அதன் அடி சுவரிலிருந்து 3 அடி தள்ளியிருக்க வேண்டும். கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். மின்கம்பிக்கு அருகே உலோக ஏணி வேண்டாம்.

3. அஸ்பெஸ்டஸ் சீற் ஆளின் பாரத்தைத் தாங்குமென நம்பக் கூடாது. பழையது திடீரென உடையும். அதில் மிதிக்காமல், அடியிலுள்ள மரங்களின் மீது பாரம் விழும்படி நீளப் பலகை போட வேண்டும். உலர்ந்த சீற்றைச் சுரண்டவும் வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு.

4. தலைசுற்று உள்ளவர், நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர், நோன்பாளி ஏற வேண்டாம். பாரம் குறைவென்று பிள்ளைகளை ஏற்றவே கூடாது.

5. யாராவது விழுந்தால் தூக்கி முச்சக்கரவண்டியில் ஏற்றாதீர்கள். கழுத்தையும் முதுகையும் அசைக்காமல் 1990 இலவச அம்பியூலன்ஸை அழையுங்கள்.

சகோதரிகளே! பழக்கப்பட்ட பாஸுக்குக் கொடுக்கும் ஒருநாள் கூலி வீண்செலவல்ல. "ஒழுகினால் ஒழுகட்டும், இறங்குங்க" என்று உரிமையோடு சொல்ல வீட்டில் உங்களுக்குத்தான் முடியும். சொல்லுங்கள். வல்ல அல்லாஹ் நம் குடும்பங்களைப் பாதுகாப்பானாக. ஆமீன்.