புல்தரையில் காட்டுப்பூ: மண்ணைத் தயார் செய்யும் முறை

கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசையாகச் சொல்லுகிறார். முதலில் வருவது காந்தள். தும்பையும் அந்த வரிசையில் உண்டு. போரில் ஒரு திணைக்கே தும்பை என்று பெயர் வைத்தது நம் மரபு. ஆனால் புணே, மும்பைப் பக்கம் பிறந்து வளர்ந்த நம் பேரப்பிள்ளைகளிடம் தும்பை எது என்று கேட்டால் தெரியாது. அது அவர்கள் குற்றமல்ல. நாம் காட்டவில்லை. இத்தனைக்கும் தும்பையும் காந்தளும் மராட்டிய மண்ணிலும் தாமாக முளைக்கிறவைதான். சொசைட்டி சுற்றுச்சுவர் ஓரமாகப் பத்துக்குப் பத்து அடி புல்தரை கிடைத்தால் போதும்.

இதில் முதலில் மனசில் வாங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று. காட்டுப்பூவுக்கு உரம் ஆகாது. மாலியைக் கூப்பிட்டால் உடனே இரண்டு மூட்டை ஷேண்கத், அதாவது சாண எரு, கொண்டுவரச் சொல்வார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உரம் போட்டால் பூச்செடியை முந்திக்கொண்டு புல்தான் கொழுக்கும். இதற்குச் சான்று சாதாராவுக்கு மேற்கே உள்ள காஸ் பீடபூமி. செம்பாறையின் மேல் மெல்லிய மண்தான்; மரம் வளர இடமில்லை. அங்கேதான் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பூக்கள் பாய் விரித்த மாதிரி பூக்கின்றன. 850க்கு மேற்பட்ட பூக்கும் தாவர வகைகள் உள்ளதாகக் கணக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக 2012இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. ஏழை மண்ணில்தான் எல்லாருக்கும் இடம் உண்டு.

இனி செய்முறை. ஏப்ரல் நடுவில் புல்லைத் தரையோடு ஒட்ட அறுத்து, அறுத்ததை அள்ளி வெளியே போட்டுவிட வேண்டும். அங்கேயே விட்டால் மக்கி உரமாகிவிடும். பிறகு தரை நன்றாக ஊறும்படி தண்ணீர் விட்டு, மேலே கண்ணாடி போன்ற பாலிதீன் ஷீட்டை இறுக்கமாக விரித்து, ஓரங்களை மண்ணில் புதைத்துவிடுங்கள். கறுப்பு ஷீட்டைவிட இதுவே மண்ணை அதிகம் சூடாக்கும். ஈரம் இருந்தால்தான் சூடு கீழே இறங்கும். ஆறு வாரம் வெயிலில் கிடந்தால் மேல் மண்ணில் உள்ள புல்வேரும் களைவிதையும் பெரும்பாலும் வெந்துபோகும்.

ஷீட்டை எடுத்த பிறகு மண்வெட்டி போட்டு ஆழமாகக் கொத்தக் கூடாது. கொத்தினால் அடியில் தூங்கும் களைவிதைகள் மேலே வந்து முளைக்கும். ஜூன் முதல் மழைக்குச் சும்மா விடுங்கள். தப்பிப் பிழைத்த அறுகு (இங்கே ஹரளி என்பார்கள், பிள்ளையாருக்குத் தூர்வா) தலைகாட்டும். கோரை கட்டாயம் வரும். அதன் கிழங்கு இந்தச் சூட்டுக்கெல்லாம் அசையாது. கிழங்கோடு கையால் பிடுங்க வேண்டும், இலையைக் கிள்ளிப் பயனில்லை. புதுக்களையை மேலாகச் சுரண்டி எடுத்துவிட்டால் நிலம் தயார்.

தொல்காப்பியர் மரபியலில் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்கிறார். எங்கள் சமணமும் அப்படித்தான் சொல்லும். அப்படியானால் இதுவும் உயிர்க்கொலைதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தீங்கே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் களைக்கொல்லி மருந்தும் தீயும் செய்கிற தீங்கு இதைவிடப் பெரிது. ஆகவே தேவையான அளவு இடத்தை மட்டும், ஒரே ஒரு தடவை மூடுங்கள். சுற்றிலும் இரண்டு அடி புல்லை விட்டுவையுங்கள், பூச்சிகள் ஒதுங்க இடம் வேண்டும். பின்னால் தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் அந்த இடம் ஆகாரம் தரும்.

ஜூன் கடைசியில் விதைக்கலாம். தும்பை, விஷ்ணுகிராந்தி, பண்ணைக்கீரை, காசித்தும்பை ஆகியவை ஏற்றவை. காசித்தும்பைதான் இங்கே கௌரி பண்டிகைக்கு வைக்கிற தேர்டா. ஒரு பங்கு விதைக்குப் பத்துப் பங்கு உலர்ந்த மணல் கலந்து தூவி, காலால் லேசாக மிதித்துவிட்டால் போதும். மண் போட்டு மூட வேண்டாம். காந்தள் வைக்கிறவர்கள் கவனம்: கிழங்கு கொடிய விஷம், குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. விதையைச் சாலையோரச் செடிகளிலிருந்து எடுங்கள். காஸிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. கடைப் பொட்டலத்தில் வருகிற மஞ்சள் காஸ்மாஸ் மெக்சிகோ நாட்டுச் செடி. இங்கே மலைச்சரிவுகளில் ஏற்கெனவே பரவிக் கெடுதல் செய்கிறது. அதை வாங்காதீர்கள்.

பூத்து விதை உதிர்ந்தபின் டிசம்பரில் காய்ந்த தண்டுகளை அறுத்து அப்புறப்படுத்துங்கள். அடுத்த மழைக்குத் தானாகவே முளைக்கும். அப்போது பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், இதுதான் தும்பை என்று காட்டலாம். ஊருக்குப் போய்த்தான் காட்ட வேண்டும் என்பதில்லை.