கார்டு புதுசு, திக்கல் எங்கிருந்து?

காசு சேர்த்து புது கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டாச்சு. திரை மூலையில எஃப்.பி.எஸ். 90-னு காட்டுது. ஆனா கேம்ல ஒரு திருப்பம் திரும்பினா, படம் கண் சிமிட்டுற நேரம் நின்னு, அப்புறம் குதிச்சு ஓடுது. உடனே ஹாஸ்டல்ல ஆளுக்கு ஒரு தீர்ப்பு வரும்: "கார்டு போச்சுடா", "பவர் சப்ளை பத்தாது மச்சி", "ப்ராசஸரை மாத்து". ஒவ்வொரு தீர்ப்புக்கும் ஆயிரக்கணக்குல செலவு. இன்னொரு பக்கம், கார்டைத் திருப்பிக் கொடுக்கக் கடையில சொன்ன நாளும் கரைஞ்சுக்கிட்டே இருக்கும். அதனால பர்ஸைத் திறக்குறதுக்கு முன்னாடி, விண்டோஸ் கம்ப்யூட்டர்ல எதை முதல்ல பார்க்கணும், எதைக் கடைசியா பார்க்கணும்னு வரிசையா பார்த்துடுவோம்.

சராசரி சொல்லாத கதை

பஸ் ஸ்டாப்புல "10 நிமிடத்துக்கு ஒரு பேருந்து"ன்னு எழுதியிருக்கும். அரை மணி நேரம் ஒண்ணுமே வராது. அப்புறம் மூணு பஸ் ஒண்ணா வரும். கணக்குப்படி சராசரி சரிதான். நின்னவன் கால் வலிதான் அந்தக் கணக்குல இல்ல.

எஃப்.பி.எஸ். எண்ணும் அப்படித்தான். ஒரு நொடியில 60 ஃபிரேம் வந்தா, ஒவ்வொண்ணுக்கும் 16.67 மில்லிசெகண்ட் கிடைக்கும். இப்போ 59 ஃபிரேம் தலா 15 மில்லிசெகண்ட்ல வந்து, மிச்சம் ஒரே ஒரு ஃபிரேம் 115 மில்லிசெகண்ட் எடுத்துக்குதுன்னு வைங்க. கூட்டினா அதே 1000 மில்லிசெகண்ட், அதே 60 எஃப்.பி.எஸ். ஆனா அந்த ஒரு ஃபிரேம்ல படம் நின்னதைக் கண்ணு கண்டுபிடிச்சிடும். இதுதான் ஸ்டட்டர், நம்ம பாஷையில திக்கல். டெக் ரிப்போர்ட் தளத்துல ஸ்காட் வாஸன் 2011-ல இதை விளக்கி எழுதின பிறகுதான், கார்டு விமர்சனங்கள்ல சராசரியோட ஃபிரேம் டைமையும் பார்க்குற பழக்கம் பரவலாச்சு.

எனவே முதல் வேலை அளவெடுப்பது. பிரெசென்ட்மான், கேப்ஃபிரேம்எக்ஸ் இரண்டும் இலவச மென்பொருள்கள். கேம்ல ஒரே இடத்தை, ஒரே செட்டிங்ஸ்ல, ஒரு நிமிஷம் ஓட்டிப் பதிவு பண்ணுங்க. ஃபிரேம் டைம் கோடு தட்டையா இருந்தா நல்லது. நடுநடுவே ஊசி மாதிரி எழும்பினா அதுதான் திக்கல். இனிமே ஒரு நேரத்துல ஒரு மாற்றம் மட்டும் செய்து, மறுபடி இதே பதிவை எடுங்க. மூணு விஷயத்தை ஒண்ணா மாத்தினா, எது குணமாக்கிச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாது.

செலவே இல்லாத நாலு சோதனைகள்

ஒண்ணு, கேபிள். மானிட்டர் கேபிள் கார்டுலதான் சொருகியிருக்கா, இல்ல பழக்கத்துல மதர்போர்டு போர்ட்டுலயே இருக்கானு பின்னாடி எட்டிப் பாருங்க.

ரெண்டு, ரிஃப்ரெஷ் ரேட். கார்டு மாத்தின பிறகு 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் சத்தமில்லாம 60-க்கு இறங்கியிருக்கலாம். டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல பாருங்க. 60 ஹெர்ட்ஸ் திரையில 90 ஃபிரேம் சமமா உட்காராது. படம் கிழிஞ்சும் குதிச்சும் தெரியும்.

மூணு, பழைய டிரைவர். ஒரு கம்பெனி கார்டுல இருந்து இன்னொரு கம்பெனி கார்டுக்கு மாறியிருந்தா இது முக்கியம். புது டிரைவரை முதல்ல டவுன்லோட் பண்ணி வெச்சுக்கோங்க. இன்டர்நெட்டைத் துண்டிச்சுட்டு, சேஃப் மோடுல டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் ஓட்டி பழசைத் துடைச்சுட்டு, புதுசைப் போடுங்க.

நாலு, பொறுமை. ஷேடர் என்பது கார்டுல ஓடுற சின்னச் சின்ன புரோகிராம். ஒவ்வொரு கார்டுக்கும் டிரைவருக்கும் ஏத்த மாதிரி அதைத் தனியா கம்பைல் பண்ணணும். பழைய கார்டுக்குச் சேர்த்து வெச்ச ஷேடர் கேஷ் புதுசுக்கு உதவாது. பல கேம்கள் இந்தக் கம்பைலேஷனை ஆட்டத்துக்கு நடுவுல செய்யும், அப்போ திக்கும். சோதிக்கிறது சுலபம்: ஒரே தெருவுல ரெண்டு தடவை போங்க. முதல் தடவை திக்கி, ரெண்டாவது தடவை வழவழன்னு போனா ஷேடர்தான் காரணம். டிரைவரைத் துடைச்சுப் போட்டாலும் இந்தக் கேஷ் புதுசா உருவாகணும். அதனால டிரைவர் மாத்தின முதல் ஓட்டத்தை வெச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க.

கார்டும் போர்டும் ஒத்துப்போகுதா?

திக்கல் இன்னும் இருக்கா? கார்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவுல இருக்கிற பாதையைப் பாருங்க. ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்தா, பி.சி.ஐ.இ. எந்தத் தலைமுறையில, எத்தனை லேன்ல ஓடுதுன்னு காட்டும். சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சம் பிடிக்க வேகத்தைக் குறைச்சுக் காட்டும். அதுலயே இருக்கிற ரெண்டர் டெஸ்டை ஓட்டிட்டுப் பாருங்க.

2022-ல வந்த ஏ.எம்.டி. ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. இதுக்கு நல்ல உதாரணம். அது பயன்படுத்துறது 4 லேன் மட்டும். பி.சி.ஐ.இ. 4.0 போர்டுல நொடிக்குச் சுமார் 8 ஜி.பி. போகும். பி450, எச்410 மாதிரியான 3.0 போர்டுல போட்டா அது சுமார் 4 ஜி.பி. ஆகிடும். கார்டுல இருக்கிற 4 ஜி.பி. மெமரி நிரம்பாத வரைக்கும் பெரிசா தெரியாது. நிரம்பி வழிஞ்சா, மிச்ச டெக்ஸ்சர் எல்லாம் இந்தக் குறுகலான பாதை வழியா ரேமுக்குப் போய் வரணும். அங்கதான் ஊசி எழும்பும். வைத்தியம்: டெக்ஸ்சர் குவாலிட்டியை ஒரு படி இறக்குங்க. செலவு பூஜ்யம்.

இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு வேற கதை. ரீசைஸபிள் பார் வசதி ஆனில் இல்லாவிட்டால் அவற்றின் வேகம் நல்லாவே அடிவாங்கும். பயாஸ்ல அபவ் 4ஜி டீகோடிங், ரீசைஸபிள் பார் இரண்டையும் ஆன் பண்ணுங்க. உங்க போர்டு ரொம்பப் பழசா இருந்து அந்த வசதியே இல்லைன்னா, அந்தக் கார்டு அந்த மெஷினுக்குச் சரிவராது.

கார்டு நிரபராதியா இருந்தா?

ரெசல்யூஷனை 1080-ல இருந்து 720-க்கு இறக்கி மறுபடி பதிவு பண்ணுங்க. ஊசிகள் குறைஞ்சா கார்டு பக்கம் சுமை. அப்படியே நின்னா ப்ராசஸர், ரேம், டிஸ்க் பக்கம் திரும்புங்க. ஒரே ஒரு 8 ஜி.பி. ரேம் ஸ்டிக் போட்ட மெஷின்ல கார்டு வேகமாகும்போது, ரேம் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். ரெண்டு ஸ்டிக்கா டூயல் சேனல்ல போட்டா பாதை ரெட்டிப்பாகும்.

சில நேரம் காரணம் யாரும் நினைக்காத இடத்துல இருக்கும். ரைசன் மெஷின்கள் சிலதுல விட்டுவிட்டு வந்த திக்கலுக்கு, ஃபர்ம்வேர் டி.பி.எம். என்ற பாதுகாப்பு அம்சம்தான் காரணம்னு ஏ.எம்.டி. நிறுவனமே 2022 மார்ச்சில் ஒப்புக்கொண்டது. பயாஸ் அப்டேட்டில் அது சரியானது. அங்கே கார்டை மாத்தியிருந்தா காசுதான் போயிருக்கும்.

"பவர் சப்ளை பத்தாது"ங்கிற தீர்ப்பு? ஸ்லாட் 75 வாட், ஒரு 8 பின் கனெக்டர் 150 வாட் தரும். பவர் பத்தலைன்னா மெஷின் பொதுவா படக்குனு அணையும், ரீஸ்டார்ட் ஆகும்; அழகா விட்டுவிட்டுத் திக்காது. ஆரம்பத்துல நல்லா ஓடி, பத்துப் பதினைஞ்சு நிமிஷம் கழிச்சு மட்டும் திக்கினா சூட்டைச் சந்தேகப்படுங்க. ஜிபியு-இசட் சென்சார் பக்கத்துல வெப்பம் ஏறும்போதே கிளாக் விழுதான்னு தெரியும்.

கடைசித் தீர்ப்பு

இவ்வளவுக்கும் மசியலையா? கார்டை ஒரு நண்பர் மெஷின்ல போட்டு அதே கேம், அதே இடம், அதே பதிவு. திக்கல் கார்டு கூடவே போனா கார்டு குற்றவாளி. உங்க மெஷின்லயே தங்கிட்டா கார்டு நிரபராதி.

குற்றவாளின்னு தெரிஞ்சா, கெடு முடியறதுக்குள்ள கடைக்குப் போங்க. "அண்ணா, லேக் அடிக்குது"ன்னு மட்டும் சொன்னா, "டிரைவர் போட்டுப் பாரு தம்பி"ன்னு அனுப்பிடுவாங்க. ரெண்டு மெஷின்ல எடுத்த ரெண்டு கோட்டையும் மேஜையில வைங்க. அப்புறம் பேச்சே வேற மாதிரி இருக்கும்.