கடலோரப் பகுதியில் டிராக்டர் பாட்டரியின் ஆயுள்

மாமல்லபுரத்திற்குத் தெற்கே புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம், வாயலூர் எனத் தொடரும் கடலோரக் கிராமங்களில் மணற்பாங்கான நிலங்கள் மிகுதி. பெய்த மழையின் ஈரம் இந்நிலங்களில் நெடுநாள் தங்குவதில்லை. வேர்க்கடலை விதைக்க உழவு ஓட்ட வேண்டிய காலையில் டிராக்டர் 'செல்ஃப்' எடுக்காமல் நின்றுவிட்டால் அந்த ஈரம் நமக்காகக் காத்திராது. இந்த அவசரத்தில் பலர் எதையும் ஆராயாமல் பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதிய பாட்டரி வாங்கிவிடுகின்றனர். வேறு சிலர் வண்டியைச் சரிவில் நிறுத்தி, இறக்கத்தில் உருட்டி ஓட்டியே ஒரு பருவத்தைக் கழிக்கின்றனர். இரண்டும் நட்டமே. பாட்டரி உண்மையிலேயே செத்துவிட்டதா என்பதை உழவர்கள் தாமே அறிய இயலும். உழவியல் கற்பிப்பவருக்குப் பாட்டரியில் என்ன வேலை என்று கேட்கலாம். விதைப்பு நாளைத் தவறவிடச் செய்யும் எதுவும் உழவியலுக்கு உட்பட்டதே என்பது என் கருத்து.

பாட்டரி மூப்படைவது எவ்வாறு?

1859ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கிய காரீய அமில பாட்டரியின் அடிப்படை இன்றும் மாறவில்லை. 12 வோல்ட் பாட்டரியினுள் ஆறு செல்கள் உள்ளன. ஒவ்வொரு செல்லிலும் காரீயத் தகடுகள் நீர் கலந்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கும். மின்சாரம் செலவாகும்போது தகடுகளின் மேல் காரீய சல்பேட் படிகிறது. மின்னேற்றும்போது அது மறைகிறது. மின்னேற்றாமல் வாரக்கணக்கில் விட்டுவைத்தால் இப்படிவு கெட்டிப்பட்டுவிடும். பின்னர் சார்ஜ் செய்தாலும் முழுவதும் நீங்காது.

டிராக்டர் பாட்டரி பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் உழைக்கும். வெப்பம் இதனைக் குறைக்கும். பாட்டரியின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. எனவே, வெயிலில் நிற்கும் வண்டிக்கு மூன்றாண்டு கடந்ததுமே கண்காணிப்புத் தேவை. ஆனால் நம் பகுதியில் வெப்பத்தைக் காட்டிலும் மிகுந்த கேடு செய்வது வண்டி சும்மா நிற்பதுதான் என்று கூறுவேன். சொர்ணவாரி அறுவடைக்கும் அடுத்த உழவுக்கும் இடையே எடுக்கப்படாமல் நிற்கும் வண்டியில் பாட்டரி தானே மின்சாரத்தை இழந்துகொண்டிருக்கும். ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தினால் அந்த இழப்பு ஈடாகாது. நிறுத்தி வைக்கும்போது எர்த் வயரைக் கழற்றிவிட்டு, மாதம் ஒருமுறை சார்ஜ் செய்து வையுங்கள். சிமெண்டுத் தரையில் வைத்தால் பாட்டரி இறங்கிவிடும் என்பது பிளாஸ்டிக் பெட்டி கொண்ட இன்றைய பாட்டரிகளுக்குப் பொருந்தாது.

குற்றம் பாட்டரியில்தானா?

உப்புக் காற்றில் கிளாம்புகளும், எர்த் வயர் சட்டத்தோடு சேரும் போல்டும் விரைவில் துருப்பிடிக்கும். இதனால் நல்ல பாட்டரியும் செத்ததுபோல் தோன்றும். முன் விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு சிறிதும் மங்காமல், 'டக்' என்ற ஓசை மட்டும் கேட்டால் பெரும்பாலும் ஸ்டார்ட்டரிலோ அதற்குச் செல்லும் இணைப்பிலோ குறை இருக்கும். விளக்கு அடியோடு மங்கினால் பாட்டரி இறங்கியிருக்கலாம். முனை இணைப்பு கெட்டிருந்தாலும் இவ்வாறே மங்கும்.

ஆகவே முதலில் கிளாம்புகளைக் கழற்றுங்கள். எர்த் வயரை முதலில் கழற்றி, மாட்டும்போது கடைசியில் மாட்ட வேண்டும். செல் மூடிகள் இறுக மூடியிருக்கட்டும். ஆப்ப சோடா கரைத்த நீரால் பூஞ்சணம் போன்ற படிவைக் கழுவி, உப்பில்லாத நீர் விட்டுத் துடைத்து, முனை பளபளக்கத் தேய்த்து, இறுக மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். இந்தச் செலவில்லாத வேலைக்குப் பிறகே மற்ற சோதனை.

அளந்து அறிதல்

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் போதும். பாட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்து, இரவு முழுதும் வைத்திருந்து, காலையில் அளக்க வேண்டும். 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் காட்டினால் நிறைந்துள்ளது என்று பொருள். 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 10.5 அளவில் நின்றால் ஒரு செல் முற்றிலும் போய்விட்டது. ஒரு செல்லின் பங்கு 2.1 வோல்ட் அல்லவா? செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்கும் கீழே இறங்கினால் பாட்டரி தளர்ந்துவிட்டது.

எஞ்சின் நடுத்தர வேகத்தில் ஓடும்போதும் அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். 13க்கும் குறைந்தால் சார்ஜ் ஏறவில்லை. விசிறி பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் கவனிக்க வேண்டும். இதைச் சரிசெய்யாமல் புதிய பாட்டரி போட்டால் அதுவும் விரைவில் படுத்துவிடும்.

மூடி திறக்கும் வகையானால் ஹைட்ரோமீட்டர் கொண்டு ஒவ்வொரு செல்லின் அமில அடர்த்தியையும் பார்க்கலாம். முழுச் சார்ஜுக்குப் பிறகும் ஒரு செல் மற்றவற்றைவிட 0.050 அளவு குறைந்து நின்றால் அந்தப் பாட்டரிக்கு மேலும் செலவிட வேண்டாம். அமிலம் பழுப்பாகக் கலங்கியிருந்தாலும், பெட்டி உப்பியிருந்தாலும் அவ்வாறே. மூன்றாண்டு கடந்த பாட்டரி முழுச் சார்ஜுக்குப் பின் ஒரே பருவத்தில் இருமுறை கைவிட்டால், மூன்றாம் முறைக்குக் காத்திராமல் உழவுக்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த பாட்டரி நீரை மட்டுமே தகடுகளுக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் நிற்குமாறு ஊற்றவும். கடலோரக் கிணற்று நீரிலுள்ள குளோரைடு தகடுகளை அரிக்கும். குடிநீர்க் கேன் தண்ணீரும் உதவாது. உயிர் கொடுப்பதாக எண்ணி அமிலம் ஊற்றுவது தகடுகளை மேலும் கெடுக்கும். சார்ஜ் ஏறும்போது எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அருகில் பீடி, தீக்குச்சி கூடாது.

புதிய பாட்டரி வாங்கும்போது வாரண்டி அட்டையில் தேதி இட்டு வாங்குங்கள். பழையதைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம். பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022இன்படி பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு. வலைக்கு ஈயக்குண்டு வார்க்க வேண்டுமென்று யாரேனும் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். வீட்டு முற்றத்தில் காரீயத்தை உருக்கும் புகையும் தூளும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். சிந்தும் அமிலம் மண்ணைப் பாழாக்கும்.