சாயம் கூடினால் டீ ஸ்ட்ராங் ஆகிவிடாது

“மாஸ்டர், ஸ்ட்ராங்கா ஒண்ணு!” விடியற்காலையில் பாய்லர் சூடாகும் நேரம் தொட்டு இரவு கடை அடைக்கும்வரை டீக்கடைகளில் ஓயாமல் கேட்கும் குரல் இது. இஞ்சி டீ, ஏலக்காய் டீ, லெமன் டீ, பால் கலக்காத கட்டன் டீ, நாட்டுச்சர்க்கரை டீ என்று ஆளுக்கொரு விருப்பம் உண்டு. ஆனால் டீ நன்றாக இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்ல நம்மில் பலர் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: நிறம். கிளாஸில் செக்கச்செவேல் என்று இறங்கினால் நல்ல டீ. வெளிறியிருந்தால் “தண்ணி டீ”.

இது கடைக்காரருக்கும் தெரியும், அவருக்குத் தூள் கொண்டுவந்து போடுபவருக்கும் தெரியும். டீத்தூளில் கலப்படம் நுழைவது பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான். நாம் நிறத்தைக் கேட்கிறோம். யாரோ ஒருவர் நிறத்தை மட்டும் மலிவாக விற்கிறார்.

தூளில் என்ன கலக்கிறது?

ஒரு கிலோ டீத்தூள் தயாரிக்க ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைத் தேயிலை வேண்டும். பறிகூலி, தொழிற்சாலைச் செலவு, ஏலச் செலவு, வண்டிக் கூலி எல்லாம் அதன் மேல் ஏறும். எனவே நல்ல தூளின் விலை ஓர் அளவுக்குக் கீழே இறங்கவே முடியாது. சந்தை விலையில் பாதிக்கு ஒருவர் தூள் தருகிறார் என்றால், அதில் இலை எவ்வளவு, இலை அல்லாதது எவ்வளவு என்று கேட்டே ஆக வேண்டும்.

கலப்படத்தில் மூன்று வகை உண்டு. முதலாவது, ஏற்கெனவே கொதிக்கவைத்துச் சாறு இறங்கிய சக்கை. கடைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் அதைச் சேகரித்து, உலர்த்தி, சாயம் ஏற்றி மறுபடி தூளாக்கிவிடுகிறார்கள். இரண்டாவது, புளியங்கொட்டைத் தோல், முந்திரிக்கொட்டைத் தோல், கடலைப்பருப்பு உமி போன்ற பொருட்களின் பொடி. மூன்றாவது, இவற்றையெல்லாம் தேயிலைபோலக் காட்டுவதற்கான செயற்கைச் சாயம். சாயத்தூளை விற்பவரின் பேச்சில் அடிக்கடி வருவது, “கிலோவுக்கு இன்னும் நிறைய டீ போடலாம்” என்பதுதான். தண்ணீரில் கூடுதலாக இறங்குவது சாயம் மட்டுமே என்பதை அவர் சொல்வதில்லை.

“சாப்பாட்டுக் கலர்தானே, அரசே அனுமதித்ததுதானே” என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. அது செல்லாது. இந்தியாவில் உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறமிகள் சில உண்மையிலேயே உண்டு. ஆனால் அவற்றை எந்தெந்த உணவில் சேர்க்கலாம் என்பதற்கும் வரையறை உண்டு. தேயிலையில் எந்த நிறமியையும் சேர்க்கக் கூடாது. இனிப்பில் குற்றமில்லாத மஞ்சள் நிறமி, டீத்தூளில் இருந்தால் குற்றம்.

இரும்புத் துகளும் ஒரு சிக்கல். தேயிலையைத் தூளாக்கும் சி.டி.சி. முறையில் பல் வைத்த உருளைகளுக்கிடையே இலை நசுங்கிக் கிழிவதால், உருளை தேய்ந்து சிறிதளவு இரும்பு தூளில் சேரும். கிலோவுக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் அது போகக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வரம்பு விதித்திருக்கிறது.

வீட்டிலேயே பார்க்கலாம்

மூன்று எளிய சோதனைகள் போதும்.

ஒன்று: வடிதாளையோ வெள்ளை மை உறிஞ்சு தாளையோ விரித்து, ஒரு சிட்டிகை தூளைப் பரப்பி, தண்ணீர் தெளித்து நனையுங்கள். சிறிது நேரம் கழித்துத் தூளை அகற்றி, தாளைக் குழாயில் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்ல தூள் அழுத்தமான கறை விடாது. சாயம் ஏற்றிய தூள் உடனே கறையைக் காட்டிக்கொடுக்கும்.

இரண்டு: கண்ணாடி கிளாஸில் பச்சைத் தண்ணீர் எடுத்து, மேலே கொஞ்சம் தூளைத் தூவுங்கள். தேயிலையின் நிறம் குளிர்ந்த நீரில் மெல்லத்தான் இறங்கும். தூவிய கணமே நிறம் கோடு கோடாக வழிந்தால் சந்தேகப்படலாம்.

மூன்று: தட்டில் தூளைப் பரப்பி, மேலே காந்தத்தை நகர்த்துங்கள். ஒன்றிரண்டு துகள் ஒட்டினால் பதற வேண்டாம். காந்தத்தில் கொத்தாக மீசை முளைத்தால் அது கவனிக்க வேண்டிய தூள்.

இவை சந்தேகத்தை எழுப்பும் சோதனைகள்தான். தீர்ப்புச் சொல்ல வேண்டியது ஆய்வகம். சக்கையைக் கலந்தால் அங்கே தப்ப முடியாது. நல்ல தூளின் எடையில் 32 சதவீதமாவது கொதிநீரில் கரைந்து வர வேண்டும் என்பது தரவிதி. ஒருமுறை சாறு இறங்கிய சக்கையில் அது இருக்காது.

டம்ளரா, பேப்பர் கப்பா, கவரா?

தூள் சுத்தமாக இருந்தும் ஊற்றித் தரும் பாத்திரத்தால் டீ கெடலாம். பேப்பர் கப் வெறும் காகிதம் அல்ல. தண்ணீர் ஊறாமல் இருக்க அதன் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் இத்தகைய கப்பில் 100 மில்லி சுடுநீரை 15 நிமிடம் வைத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் நீரில் கலந்திருந்தன. 

பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், பிளாஸ்டிக் கப், உணவுப் பொருளைக் கட்டும் பிளாஸ்டிக் தாள், கேரி பேக் ஆகிய எல்லாம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. பேப்பர் கப் தயாரிப்பாளர்கள் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை சென்றார்கள். 2023 அக்டோபரில் கப் மீதான தடையை நீதிமன்றம் உறுதி செய்தது. ஆகவே “கிளாஸில் கொடுங்க” என்று கேட்பது வீம்பு ஆகாது. சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. கிளாஸை ஓடும் தண்ணீரில் கழுவித் தரச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. அலுவலகத்துக்கோ வேலை நடக்கும் இடத்துக்கோ பார்சல் வாங்குபவர்கள் பிளாஸ்க் அல்லது எவர்சில்வர் தூக்குவாளி கொண்டுபோகலாம். கொதிக்கக் கொதிக்க டீயைக் கவரில் கட்டி வாங்குவது தவிர்க்க வேண்டிய பழக்கம்.

டீயோடு வரும் வடையையும் பஜ்ஜியையும் செய்தித்தாளில் வைத்துத் தருவதும் எண்ணெயைத் தாளில் பிழிவதும் விதிமீறலே. அச்சு மையில் உடலுக்கு ஆகாத வேதிப்பொருட்கள் இருப்பதால், உணவைச் செய்தித்தாளில் வைக்கவோ மடிக்கவோ 2018-ஆம் ஆண்டின் உணவுப் பொட்டல விதிகள் தடை விதிக்கின்றன. வாழை இலைத் துண்டோ தட்டோ கேட்டு வாங்குங்கள்.

எத்தனை டீ, எப்போது?

கலப்படமே இல்லாத டீயிலும் நாமாக வரவழைத்துக்கொள்ளும் ஆபத்துகள் உண்டு. அவற்றில் முதன்மையானது நேரம். தேயிலையிலுள்ள டானின் உணவிலிருக்கும் இரும்புச்சத்தை உடல் உறிஞ்ச விடாமல் தடுக்கும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. இட்லிக்குப் பின் உடனே டீ, மதியச் சாப்பாட்டுக்குப் பின் உடனே டீ என்ற பழக்கம் இவர்களுக்குத்தான் அதிகக் கேடு. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம் டீ, காபியைத் தவிர்க்கச் சொல்கிறது 2024-இல் வெளியான தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டி. கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கவே கூடாது.

அதே வழிகாட்டி ஒரு நாளைய கஃபீன் 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. ஒரு கப் டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் வரை இருக்கும். ஐந்தாறு ஸ்ட்ராங் டீ குடிப்பவர் அந்த வரம்பைத் தொட்டுவிடுவார். காபியும் உண்டு என்றால் இன்னும் சீக்கிரம்.

கஃபீனைவிடச் சத்தமில்லாமல் ஏறுவது சர்க்கரை. டீக்கு இரண்டு தேக்கரண்டி என்று வைத்தாலும் நான்கு டீக்கு எட்டு தேக்கரண்டி. நாள் முழுவதற்கும் சேர்த்தே சுமார் ஆறு தேக்கரண்டிக்குள் நிறுத்திக்கொண்டால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. “சர்க்கரை கம்மியா” என்று ஒரு வார்த்தை சொன்னால் மாஸ்டர் குறைத்தே போடுவார். நாட்டுச்சர்க்கரை என்றாலும் அதுவும் சர்க்கரைதான். நீரிழிவு உள்ளவர்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று சூடு. 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பானங்களை வழக்கமாகக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியது. ஆவி பறக்கும்போதே மடமடவென்று குடிக்காமல், இரண்டு ஆற்று ஆற்றிக் குடிப்பது போதும்.

சட்டம் உங்களுக்கு என்ன தருகிறது?

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006 பெரிய ஓட்டலுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். தள்ளுவண்டி டீக்கடைக்கும் அது பொருந்தும். சிறு கடை பதிவுச் சான்றும், பெரிய கடை உரிமமும் பெற்றிருக்க வேண்டும். இரண்டிலும் 14 இலக்க எண் இருக்கும். அந்தச் சான்று வாடிக்கையாளர் கண்ணில் படும்படி கடையில் மாட்டியிருக்க வேண்டும். பாக்கெட் தூள் என்றால் அதே எண்ணுடன் தயாரிப்பாளர் முகவரி, நிகர எடை, தயாரித்த நாள், அதிகபட்ச சில்லறை விலை ஆகியவையும் அச்சாகியிருக்க வேண்டும். இவை எதுவும் இல்லாத உதிரித் தூளை வாங்காதீர்கள்.

பலருக்குத் தெரியாத ஓர் உரிமை இந்தச் சட்டத்தின் 40-ஆம் பிரிவில் இருக்கிறது. பொருளை வாங்கிய யாரும் அதை உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துக் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். ஆய்வுக்கு அனுப்பப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். கலப்படம் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அறிக்கையும் உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலருக்குப் போய்விடும். சென்னை கிண்டி, கோவை, சேலம், மதுரை, தஞ்சாவூர், பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் இயங்குகின்றன.

தரம் குறைந்த உணவை விற்றால் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. உடலுக்குக் கேடான உணவென்று தெரிந்தால் சிறையும் உண்டு. அந்த உணவால் உயிரிழப்பு நேர்ந்தால், குடும்பத்துக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 65-ஆம் பிரிவு சொல்கிறது.

புகார் செய்வது எப்படி?

1. முதலில் ஆதாரம். கடையின் பெயர்ப் பலகை, பதிவு எண், தூள் பாக்கெட், கவரில் கட்டிய டீ ஆகியவற்றைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டீக்கடையில் பில் கிடைக்காவிட்டாலும், செல்போனில் பணம் செலுத்திய குறுஞ்செய்தி நாளையும் நேரத்தையும் காட்டும்.

2. தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படங்களுடன் அனுப்புங்கள். என்ன பார்த்தீர்கள், எங்கே, எப்போது என்று மூன்று வரி போதும். மாவட்ட நியமன அலுவலரிடம் எழுத்தாகவும் கொடுக்கலாம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் கட்டணமில்லா எண் 1800 112 100.

3. பாக்கெட்டில் எடை குறைவு, அச்சிட்ட விலைக்கு மேல் வசூல் என்றால் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவை அணுகுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

4. உடல்நலக் கேடோ பண இழப்போ நேர்ந்திருந்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரையென்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

கடைக்காரருக்கும் பாதுகாப்பு உண்டு

டீக்கடைக்காரர்களில் பலரும் ஏமாற்றுபவர்கள் அல்ல, ஏமாந்தவர்கள். யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாவிட்டால் பழி விற்றவர் தலையில்தான் விழும். எனவே தூளைப் பில்லோடு மட்டும் வாங்க வேண்டும். பொருளின் தரத்துக்கு மொத்த வியாபாரி தரும் எழுத்து உத்தரவாதமாகவே சட்டம் அந்தப் பில்லைக் கருதுகிறது.

மாதிரி எடுக்க வரும் அலுவலர் அதற்கு உரிய விலையைத் தர வேண்டும். அறிக்கை பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்து, மேலாய்வகச் சோதனை கோரலாம். காரணமின்றித் தொல்லை கொடுக்கும் அலுவலருக்கும் சட்டத்தில் அபராதம் உண்டு.

இந்தச் சங்கிலியின் மறுமுனையில் நீலகிரியின் சிறு விவசாயி நிற்கிறார். கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் இணையமான இண்ட்கோசர்வும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வேலை தர உருவான டேன்டீயும் விற்பது இலையை. புளியங்கொட்டைத் தோல் சந்தையில் தேயிலையின் இடத்தைப் பிடிக்கும் ஒவ்வொரு கிலோவும் அவர்களின் பச்சை இலைக்கு விலை குறைய ஒரு காரணம்.

அடுத்த முறை கடையில் நின்று நிறத்தைப் பற்றிப் பேசாமல், “என்ன தூள் போடுறீங்க அண்ணே? பாக்கெட்டைக் காட்டுங்க” என்று கேட்டுப் பாருங்கள். நேர்மையான கடைக்காரர் முகம் சுளிக்கமாட்டார். பத்துப் பேர் கேட்கத் தொடங்கினால், பில் இல்லாத தூளை வாங்க அவரே யோசிப்பார்.