வயலும் நாற்காலியும்

கண்டியிலிருந்து குருநாகலுக்கு இறங்கும் கலகெதரக் கணவாயைக் கடக்கும்போதெல்லாம், அதனைக் காத்துநின்ற உழவர் படையே என் நினைவுக்கு வரும். 1803இல் ஆங்கிலப் படை வந்த வழியும் அதுவே. கண்டி அரசில் நிலம் பெற்றவன், அதற்கீடாக இராஜகாரியம் செய்தான். அழைப்பு வந்தால் படைக்கும் சென்றான். தன் முறை முடிந்து மீண்டவனுக்கு வயல் இருந்த இடத்திலேயே இருந்தது.

அரசுக்கான இராஜகாரியம் 1832இல் ஒழிந்தது. பின்னர் சம்பள உழைப்பு பெருகிற்று. உழைப்பவனின் இடம் பிறர் கைக்குப் போயிற்று. வயல் காத்திருக்கும், நாற்காலி காத்திருப்பதில்லை. ஆகவே, சட்டம் அதனைக் காக்க வேண்டியதாயிற்று.

அண்டை நாடான இந்தியாவில், 1948ஆம் ஆண்டின் பிராந்திய இராணுவச் சட்டம், படைப்பணி முடித்து வருபவரை மீண்டும் வேலையில் அமர்த்துவதை முதலாளியின் கடமையாக்கிற்று. அவர் விட்டுச்சென்ற நிலை மட்டும் போதாது. வேலை தடைப்படாதிருந்தால் எந்நிலையில் இருந்திருப்பாரோ, அதற்குக் குறையாத நிலை வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1946இல் இதனையே நகரும் படிக்கட்டுக்கு ஒப்பிட்டது: இறங்கிய படியிலன்று, அது இதற்குள் சென்றடைந்திருக்கும் உயரத்திலேயே வீரன் மீண்டும் ஏறவேண்டும்.

இந்த அளவுகோலே நேர்மையானது என்பேன். பழைய சம்பளத்தைத் தருவதையே உபகாரமென எண்ணும் முதலாளி, இடைப்பட்ட ஆண்டுகளைத் தொழிலாளியின் கணக்கிலேயே கழிக்கிறார். ஊருக்காகச் செலவான காலத்தின் விலையை ஒருவன் மட்டும் இறுப்பது அறமன்று.