தராசில் ஏறிய சோற்றுப்பானை

காலை ஆறரை மணி. தஞ்சாவூரில் அத்தை வீட்டு அடுப்படி. குக்கருக்குள் வைக்கும் பாத்திரம் காலியாக, ஈரம் துடைத்து, தராசின் மேல் உட்கார்ந்திருக்கிறது. 412 கிராம்.

"என்னடி இது, அரிசியை நிறுக்கலாம், பாத்திரத்தையுமா நிறுப்பாங்க?"

"இருங்க அத்தை, இந்த 412ல்தான் விஷயமே இருக்கு!"

ஒரு கப் சாதத்தில் எத்தனை கலோரி என்று போனில் தேடினால் சட்டென்று ஓர் எண் வந்து விழும். எந்தக் கப்? எந்த அரிசி? குழைந்த சாதமா, உதிர் உதிரானதா, கஞ்சி வடித்ததா? அந்த எண்ணுக்கு நம் வீட்டு அடுப்பைத் தெரியாது. நம் வீட்டுக்கான எண் நம் வீட்டில்தான் கிடைக்கும். அது எவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறது என்று பார்த்ததிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

முதலில் நம்பகமான ஓர் எண் வேண்டும். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட பட்டியலில் 528 உணவுப் பொருள்கள் இருக்கின்றன. நாட்டை ஆறு பகுதிகளாகப் பிரித்து மாதிரி எடுத்து அலசியிருக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் நடக்கும் வேலையை நினைத்தாலே சிலிர்க்கிறது. உலர்த்தி ஈரத்தை அளக்கிறார்கள். எரித்துச் சாம்பலை நிறுக்கிறார்கள். கொழுப்பைக் கரைத்துப் பிரிக்கிறார்கள். நைட்ரஜனை அளந்து புரதத்தைக் கணக்கிடுகிறார்கள். புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9. கலோரி என்பது கடைசியில் இந்தப் பெருக்கல்தான்.

அந்த நிறுவனம் பிறந்தது நம் குன்னூரில்! பெரிபெரி நோயை ஆராய 1918இல் மெக்காரிசன் என்ற மருத்துவர் அங்கே தொடங்கிய சின்ன ஆய்வுதான் வளர்ந்து 1958இல் ஐதராபாத்துக்குக் குடிபோனது. ஊட்டச்சத்து ஆய்வாளர் அய்க்ராய்ட் 1937இல் இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை வெளியிட்டதும் குன்னூரில் இருந்தபடிதான். பெரிபெரி, தீட்டிய பச்சரிசியையே நம்பிச் சாப்பிட்டவர்களுக்கு வந்த நோய். நெல்லைப் புழுக்கினால் அந்த நோயைத் தடுக்கும் தயமின் சத்து தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடும். டெல்டாவின் அன்றாடச் சோறு புழுங்கலரிசிச் சோறு என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

சரி, அடுப்படிக்கு வருவோம். பட்டியலில் புழுங்கலரிசி 100 கிராமுக்கு 351 கலோரி. பச்சரிசிக்கு 356. இவை அரிசிக்கு, சோற்றுக்கு அல்ல. அத்தையின் ஆழாக்கால் இரண்டு அளந்து நிறுத்தேன், 290 கிராம். ஆக 1018 கலோரி. தண்ணீருக்குக் கலோரி கிடையாது. எவ்வளவு ஊற்றினாலும் பாத்திரத்துக்குள் இருப்பது அதே 1018தான். வெந்ததும் தூக்கித் தராசில் வைத்து 412ஐக் கழித்தேன். சோறு 870 கிராம். வகுத்தால் 100 கிராமுக்கு 117. மறுநாள் தயிர் சாதத்துக்காக அத்தை அதே அளவு அரிசியைக் குழைய விட்டார். 1120 கிராம். 100 கிராமுக்கு 91! அதே அரிசி, அதே வீடு, அதே கை. இரண்டு எண்களும் உண்மை.

பழைய சோறும் அப்படித்தான். இரவெல்லாம் ஊறி எடை கூடும், கலோரி கூடாது. நேற்றைய சோற்றின் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம்.

வடித்த சோறு வேறு கதை. கஞ்சியோடு கொஞ்சம் மாவும் போய்விடுகிறது. எவ்வளவு என்று தெரியாமல் தூக்கம் வரவில்லை. வடித்த கஞ்சி 900 கிராம். அதில் 200 கிராமை எவர்சில்வர் தட்டில் ஊற்றி மொட்டை மாடி வெயிலில் காயவைத்தேன். மறுநாள் மாலை அப்பளம் மாதிரி சுருண்டு கிடந்த ஏட்டைச் சுரண்டி நிறுத்தேன். 4 கிராம்! மொத்தக் கஞ்சிக்கு 18 கிராம், சுமார் 70 கலோரி. அத்தை அந்தக் கஞ்சியை உப்புப் போட்டுக் குடிப்பவர் என்பதால் அது வீணாகவில்லை, இன்னொரு தம்ளரின் கணக்கில் சேர்ந்தது.

கரண்டியில் ஊற்றும் எண்ணெயைக் கண்ணால் மதிப்பிட்டால் நிச்சயம் தப்பும். ஒரு கிராமுக்கு 9 கலோரி என்பதால் அந்தத் தப்பு பெரிதாகவும் இருக்கும். தாளிக்கும் முன் எண்ணெய்ப் பாத்திரத்தை நிறுத்து, தாளித்தபின் மறுபடி நிறுத்தால் போதும், குறைந்ததுதான் குழம்புக்குள் போனது. வடைக்கும் இதே வழி. வாணலியை எண்ணெயோடு நிறுத்தோம், 12 வடை சுட்டோம், ஆறியதும் நிறுத்தோம். குறைந்தது 60 கிராம். வடைக்கு 5 கிராம், அதாவது எண்ணெயில் மட்டும் 45 கலோரி. உளுந்துக்குத் தனிக் கணக்கு.

நான் வடைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது பின்னால் அத்தை ஏதோ உருட்டும் சத்தம். திரும்பினால் பாசிப்பருப்பு டப்பா தராசில் ஏறியிருக்கிறது, பக்கத்தில் சர்க்கரை, நெய் ஜாடி. திருவையாற்று அசோகா அல்வா கிளறப்போகிறாராம்.

"நெய்யை நான் ஊத்த ஊத்த நீ குறிச்சுக்கோடி. ஜாடி வெறும் எடை எவ்வளவுன்னு முதல்லயே பார்த்தியா?"